வாய் மூடிய வில்லன்

எடோ, அசகுசா
கயேய் நான்காம் ஆண்டு, நான்காம் மாதம், இருபதாம் நாள்

ஓசாகாவில் விடுதி நடத்தும் ஒகானே அம்மாவுக்கு,

முகம் தெரியாதவள் எழுதுகிறாள் என்று ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். உங்கள் விடுதி மாடியில் தங்கியிருந்த நடிகர் தோபிசாவா மாகோரோகுவின் தங்கை ஒரிகு நான். மேடைக்குத்தான் அந்தப் பெயர், வீட்டில் எங்களுக்கு அவர் கின்டா. உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அரிசி மதுப் பீப்பாய்களோடு அங்கிருந்து வந்த கப்பலின் மாலுமி ஒருவன்தான் செய்தி கொண்டுவந்தான். அவன் கொட்டகையில் உட்கார்ந்து தன் கண்ணாலேயே பார்த்தானாம். "குழந்தையக் கொல்ற காட்சிங்க. கத்திய ஓங்கினாரு. ஓங்கின கை அப்படியே நின்னுச்சு. தடால்னு விழுந்தாரு. பாயில வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. அவ்வளவுதான், கதை முடிஞ்சுபோச்சு" என்றான். அண்ணன் இல்லை என்பதை மதுக்கடை வாசலில் நின்று கேட்கிற விதி எனக்கு.

எங்கள் ஊர் அவசரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேர்பெற்ற நடிகர் ஒருவர் கண்ணை மூடினால், பிணம் ஆறுவதற்குள் மறைவுப் படம் கடைக்கு வந்துவிட வேண்டும். முந்துகிறவர் படம்தான் விற்கும். நான் அழுது முடிப்பதற்குள் படக்கடை ஜின்பெய் ஓவியரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கோயிலில் துறவி அண்ணனுக்குச் சூட்டிய மரணப் பெயரை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். மறைவுப் படத்தில் வேஷம் இருக்காது, வெளிர்நீல உடுப்பும் வெறும் முகமும்தான். ஓவியர் விழித்தார். "சிவப்புக் கோடு போட்டு, பல்லைக் கடிச்சு முறைக்கிற முகம்தான் எனக்குத் தெரியும். சாயம் கழுவினா எப்படி இருப்பார்?" என்றார். எடோவில் அது யாருக்கும் தெரியாது. அவர் முன்னால் நானே உட்கார்ந்தேன். "எங்க ரெண்டு பேருக்கும் அப்பா முகம். என்னைப் பார்த்து எழுதுங்க, கொண்டைய மட்டும் எடுத்துடுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் ஹிகோசோ படம் அச்சடிக்கிற மரப்பலகை செதுக்குகிறவர். ஜின்பெய் இந்த வேலையை வேறு ஆளிடம் கொடுக்கப் பார்த்தார். "மச்சான் முகத்துல வேற எவன் உளியும் படக்கூடாது" என்று இவரே வாங்கிக்கொண்டார். செதுக்கி முடிக்கும்வரை சாப்பிடவில்லை.

அம்மா, கடைசியில் தண்ணீர் கேட்டாரா? எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரா? பக்கத்தில் யார் இருந்தார்கள்? கொஞ்சம் தலைமுடியாவது அனுப்பி வையுங்கள். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

ஒரிகு

*

ஓசாகா
ஐந்தாம் மாதம், இரண்டாம் நாள்

ஒரிகு தங்கச்சிக்கு,

முதலில் மூச்சை இழுத்து விடு. பக்கத்தில் சுவர் இருந்தால் பிடித்துக்கொள். உன் அண்ணன் சாகவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையில்தான் அந்த மனிதரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கியிருந்தேன். இருந்தாலும் மறுபடி மாடிக்கு ஓடிப் பார்த்தேன். கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன ஒகானே, பேயக் கண்ட மாதிரி நிக்கறே? சூப்பு தண்ணியா இருக்குன்னு சொன்னதுக்குக் கோபமா?" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "எடோக்காரருக்கு உப்புக் கரைச்சுக் கொடுத்தாத்தான் இறங்கும்" என்று திட்டிவிட்டுக் கீழே வந்து அழுதேன்.

மாலுமி பார்த்தது பொய்யில்லை. மேடையில் விழுந்தார், பாயில் வைத்துத்தான் தூக்கி வந்தார்கள். மூன்று நாள் பேச்சு இல்லை. இப்போது பேச்சு வந்துவிட்டது, அளவுக்கு மேலேயே வந்துவிட்டது. ஆனால் இரண்டு காலும் வீங்கியிருக்கிறது, இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். இன்னொரு தடவை அப்படி விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இதில் ஒரு வார்த்தைகூட உனக்கு எழுதக் கூடாது என்று உன் அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் சத்தியத்தை மீறுகிறேன். உனக்குத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே.

செத்துவிட்டதாக வந்த கடிதத்தை நோயாளியிடம் நீட்ட எனக்கு மனசு வரவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன். மறைவுப் படத்தைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லை. அது உங்கள் ஊர் வேலை, நீயே பார்த்துச் சொல்லிக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு.

ஒகானே

*

ஓசாகா
ஐந்தாம் மாதம், பதினெட்டாம் நாள்

தங்கை ஒரிகுவுக்கு அண்ணன் கின்டா எழுதுவது.

மழைக்காலம் வந்துவிட்டது. நீ நலமா? மாப்பிள்ளைக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். எழுத்து கோணலாகத் தெரிந்தால் இந்த ஊர் மையைத் திட்டு, என்னைத் திட்டாதே.

இந்த மாதம் கொட்டகைக்கு விடுமுறை எடுத்துக்கொண்டேன். ஜனங்கள் என்னை அளவுக்கு மேல் பார்த்துவிட்டார்கள், கொஞ்சம் ஏங்கட்டும் என்றுதான். சாப்பாடுதான் வதை. ஒகானே வைக்கிற சூப்பில் கிண்ணத்தின் அடி தெரிகிறது. அசகுசா கடற்பாசித் தாள் ஒரு கட்டு அனுப்பு.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. ஜின்பெய் கடைப் பக்கம் போனால் என் படம் ஏதாவது தொங்குகிறதா என்று பார். அங்கே ஐந்து வருஷமாக என் முகத்தை ஒருத்தரும் அச்சடிக்கவில்லை. கடைசியாக வந்த படத்தின் கதைதான் உனக்குத் தெரியுமே. நாடகம் தொடங்குவதற்கு முன்னே படம் அடித்தார்கள், தொடங்குகிற நேரத்தில் என் வேஷத்தைச் சின்னப் பையன் ஒருவனுக்குக் கொடுத்தார்கள். பலகையில் என் தலையை வெட்டி எடுத்து, அந்த ஓட்டையில் அவன் தலையைப் பதித்தார்கள், அதுவும் மாப்பிள்ளை கையாலேயே. உடம்பு என்னுடையது, தலை அவனுடையது! மாப்பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை, வேலை வேலைதான். ஆனால் அன்றைக்கு மூட்டை கட்டிக்கொண்டு ஓசாகாவுக்கு வந்தவன், எடோவில் என்னை யாராவது நினைக்கிறார்களா என்று தினமும் யோசிக்கிறேன்.

இருந்தால் உடனே எழுது. இல்லாவிட்டாலும் எழுது, ஆனால் கொஞ்சம் சுற்றி வளைத்து எழுது.

உன் அண்ணன் கின்டா

*

எடோ
ஆறாம் மாதம், ஐந்தாம் நாள்

அன்பு அண்ணாவுக்கு,

இங்கே நானும் அவரும் நலம். அவர் முதுகுவலி அப்படியேதான். கடற்பாசித் தாள் இரண்டு கட்டு அனுப்பியிருக்கிறேன். தினமும் சாப்பிடு, யாருக்கும் கொடுக்காதே. மாடிப்படியில் மெதுவாக இறங்கு. ஏன் சொல்கிறேன் என்று கேட்காதே, மழைக்காலத்தில் படி வழுக்கும்.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தேன், அதுதான் காரணம்.

படம் வந்தது அண்ணா. நான் சுற்றி வளைக்க வேண்டியதே இல்லை. ஜின்பெய் கடையில் உன் படத்துக்கு அப்படி ஒரு கூட்டம். தெருமுனைவரை நின்றார்கள். உச்சி வெயிலில் நின்று வாங்கினார்கள். டோஃபுக்காரியை உனக்கு ஞாபகம் இருக்கும், முன்வரிசையில் உட்கார்ந்து உன்மேல் ஆரஞ்சுத் தோலை எறிவாளே, அவள் இரண்டு பிரதி வாங்கினாள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று அழுதாள். "என்னை இந்த ஆள் மாதிரி ஒருத்தரும் எரிச்சல் படுத்தினதில்ல. கிணத்துல குழந்தையத் தள்ளினாரே, அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். செதுக்கியது உன் மாப்பிள்ளைதான். தலை உன் தலைதான், யாரும் வெட்டவில்லை.

படம் தீர்ந்துபோய்விட்டது. கிடைத்தால் அனுப்புகிறேன்.

தங்கை ஒரிகு

*

ஓசாகா
ஆறாம் மாதம், இருபத்தாறாம் நாள்

ஒரிகுவுக்கு,

நீ நலம், மாப்பிள்ளை நலம், ஊரே நலமாக இருக்கட்டும்! எனக்குத் தலை கால் புரியவில்லை.

தெருமுனைவரை நின்றார்களா? ஒகானேவிடம் நான்கு தடவை வாசித்துக் காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொறாமை. இந்த ஊர்க்காரர்களுக்கு எடோ என்றாலே வயிற்றெரிச்சல்.

ஒன்றுதான் புரியவில்லை. டோஃபுக்காரி ஏன் அழுதாள்? நான் வில்லன்டி. என்னைப் பார்த்துத் திட்டினால்தான் எனக்குச் சம்பளம். "நாசமாப் போறவனே"ன்னு ஒரு கிழவி அடித்தொண்டையில் கத்தினால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் நன்றாக வரும். அழுகிறார்கள் என்றால் என் முறைப்பு குறைந்துவிட்டதா என்று ஒரு பயம். பிறகு யோசித்தேன். ஐந்து வருஷம் பிரிந்து இருந்தால் எதிரிமேல்கூட ஆசை வரும்போல் இருக்கிறது.

ஒரு முடிவு எடுத்துவிட்டேன். இங்கத்து முதலாளி அடுத்த வருஷ ஒப்பந்தத்தோடு வந்தார். மூன்றாவது வில்லன் வேஷம்! பிரதான வில்லனுக்குக் குடை பிடிக்கிறவன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். எடோ என்னைக் கேட்கும்போது நான் ஏன் இங்கே குடை பிடிக்க வேண்டும்? பதினோராம் மாத முகங்காட்டு விழாவுக்கு, புது வருஷ நடிகர்கள் மேடையேறும்போது, நானும் அங்கே நிற்க வேண்டும். அங்கத்துக் கொட்டகை முதலாளியிடம் நீயே போய்ப் பேசு. குளிர் தொடங்குவதற்கு முன் கடற்கரைச் சாலையில் நடந்தே வந்துவிடுவேன். இப்போதே காலையில் எழுந்து கால் பழக்குகிறேன்.

படம் ஒன்று எப்படியாவது அனுப்பு. எந்த வேஷத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று நீ சொல்லவே இல்லையே.

கின்டா

*

எடோ
ஏழாம் மாதம், பதினேழாம் நாள்

ஒகானே அக்காவுக்கு,

நலம் கேட்டு எழுதுகிற நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். நான் செய்த காரியத்தைப் பாருங்கள். அவர் மனசு குளிரட்டும் என்று பாதியைச் சொன்னேன், அவர் அந்தப் பாதியை நம்பி அங்கத்து வேலையை விட்டுவிட்டு இங்கே வரப்போகிறார். ஜனங்கள் அழுதது அவர் செத்ததற்கு என்று எந்த வாயால் சொல்வேன்?

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே ஜின்பெய் கடைக்கு ஓடினேன். மனிதர் வெளிறிப்போய்ப் படத்தையெல்லாம் கழற்றினார். "சத்தம் போடாதீங்கம்மா. தணிக்கை முத்திரை வாங்காம அடிச்ச படம். உயிரோட இருக்கிறவரைச் சாகடிச்சேன்னு தெரிஞ்சா என்னைக் கட்டி வச்சிடுவாங்க" என்று என் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அதனால் ஊரெல்லாம் அண்ணன் இன்னும் செத்தவர்தான்.

நேற்று கொட்டகை முதலாளியைப் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொன்னேன். அவர் கையிலிருந்த புகைக்குழாய் கீழே விழுந்தது. பிறகு சொன்னார்: "அம்மா, அவருக்காக மேடையில நின்னு நாங்க எல்லாரும் அழுதோம். ஜனங்களும் எங்களோட அழுதாங்க. இப்ப அவரைக் கொண்டாந்து நிறுத்தினா, கூட்டம் சேர்க்க நாடகம் ஆடினோம்னு சொல்லுவாங்க. அடுத்த நாள் ஒரு ஈ காக்கா வராது. அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா எடோவுல அவருக்கு இடமில்ல." என் முகத்தைப் பார்க்காமலேதான் பேசினார்.

இங்கே இடமில்லை, அங்கே ஒப்பந்தத்தையும் கைவிடப் பார்க்கிறார். இழுத்து நடக்கிற காலோடு அவ்வளவு தூரம் வந்தால் வழியிலேயே விழுந்துவிடுவார். அக்கா, நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். பக்குவமாக நீங்களே சொல்லிவிடுங்களேன்.

ஒரிகு

*

ஓசாகா
எட்டாம் மாதம், நான்காம் நாள்

ஒரிகுவுக்கு,

உன் அண்ணன் நலம். அதுதான் இப்போது தொல்லையே.

படம் விற்றதைப் பற்றி நீ அவருக்கு எழுதிய கடிதம் வந்ததிலிருந்து விடிந்ததும் எழுந்துவிடுகிறார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடக்கிறார். பிறகு கண்ணாடி முன் நின்று கண்ணை உருட்டி முறைத்துப் பழகுகிறார். காலையில் மீன்காரன் வருவான், அவன் பயந்துபோய் இப்போதெல்லாம் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடுகிறான். கால் வீக்கம்கூடக் கொஞ்சம் வடிந்திருக்கிறது. "என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று வைத்தியர் என்னைக் கேட்கிறார். உன் கடிதம்தான் மருந்து என்று சொல்ல முடியுமா?

நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால், பொறாமையில் உளறுகிறாள் என்று அடுத்த நாளே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நீ சொன்னால்தான் நம்புவார். சொன்னால் உடைந்துபோவார், எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் அவரைச் செத்தவராக நினைக்கிற ஊருக்குக் காலை இழுத்துக்கொண்டு நடந்து வந்து நிற்பார். எது பரவாயில்லை என்று நீயே பார். முதலாளி ஒன்பதாம் மாதக் கடைசிவரைதான் காத்திருப்பாராம். தள்ளிப்போடாதே தங்கச்சி.

ஒகானே

*

எடோ
எட்டாம் மாதம், இருபதாம் நாள்

அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரியும். காலைப் பற்றியும் தெரியும், மேடையில் விழுந்ததும் தெரியும். ஒகானே அக்காவைக் கோபிக்காதே, அவர் சொல்லாவிட்டால் நான் அழுதே செத்திருப்பேன்.

இதோடு படம் அனுப்பியிருக்கிறேன். முதலில் உட்கார், பிறகு பிரி.

பார்த்துவிட்டாயா? வெளிர்நீல உடுப்பு. மேலே உன் பெயர். பக்கத்தில் மரணப் பெயர், இறந்த தேதி, கோயில். நீ போய்விட்டாய் என்று நம்பி இந்த ஊர் வாங்கிய படம் இது. கோயிலில் போய் அந்தப் பெயரை வாங்கி வந்தவள் நான்தான். உனக்காகக் கும்பிட்டு, சோறு படைத்து, நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். நீ உயிரோடு எழுதிய கடிதம் வந்தபோது, "படம் இருக்கிறதா, இல்லையென்றால் சுற்றி வளைத்து எழுது" என்று கேட்டிருந்தாய். அதைப் படித்தபிறகு என்னால் இதைச் சொல்ல முடியவில்லை. கூட்டம் நின்றது உண்மை. டோஃபுக்காரி அழுதது உண்மை. எதற்கு என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

கொட்டகையில் கேட்டேன். இடமில்லை என்றுவிட்டார்கள். அவர்கள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டுவிடாதே அண்ணா. குடை பிடிக்கிற வேஷமானாலும் நீ பிடித்தால் அது குடையாகவா இருக்கும்? அது வேண்டாமென்றால் பல்லக்கு பிடித்து எங்கள் வீட்டுக்கு வா. நடந்து வராதே. மேடை இல்லாவிட்டால் என்ன, உனக்கு வீடு இருக்கிறது.

என்னைத் திட்டு. ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஒரிகு

*

ஓசாகா
ஒன்பதாம் மாதம், பத்தாம் நாள்

தங்கச்சிக்கு அவசரமாக,

உன் கட்டு வந்து சேர்ந்தது. பிரித்தார், பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார். தேநீர்க் கிண்ணம் ஒன்று சுவரில் மோதிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பேச்சில்லை. என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். முற்றத்தில் நடப்பதில்லை. மீன்காரன் தைரியமாக உள்ளே வருகிறான், எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.

சாப்பிடுகிறார். சூப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குடிக்கிறார், அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. இருக்கிறார் என்று சொல்லத்தான் எழுதினேன். நீ மறுபடி கோயிலுக்கு ஓடிவிடக் கூடாது.

ஒகானே

*

ஓசாகா
பத்தாம் மாதம், எட்டாம் நாள்

தங்கை ஒரிகுவுக்கு, மறைந்த அண்ணன் கின்டா எழுதுவது.

இங்கே நலம். மேலுலகத்திலும் சூப்பு தண்ணியாகத்தான் இருக்கிறது.

பதில் எழுதத் தாமதமானது கோபத்தினால்தான், வேறொன்றுமில்லை. முதலில் உன்மேல் கோபம். பிறகு ஜின்பெய்மேல். பிறகு அந்த மாலுமிமேல். கடைசியில் என்மேல். கண்ணாடி முன்னால் நின்று முறைத்துப் பழகினேனே, அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அழுதேன் ஒரிகு. எடோ என்னைக் கேட்கிறது என்று நினைத்து எழுந்து நடந்த கால் இது. அந்தக் காலைப் பார்த்து அழுதேன்.

திட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று படத்தைச் சுவரில் ஒட்டிவைத்தேன். தினமும் பார்த்துத் திட்டினேன். முதலில் அந்தக் கவிதையை. சாகும்போது நான் எழுதியதாக ஒன்றைப் போட்டிருக்கிறார்களே, பனித்துளியாம், நிலாவாம்! செத்ததுகூடப் பரவாயில்லை, அந்தக் கவிதைதான் மானக்கேடு. பிறகு முகத்தைப் பார்த்தேன். நாற்பது வருஷத்தில் என்னை வாய் மூடிய முகமாக ஒருத்தரும் படம் எழுதியதில்லை. இது யார், எங்கோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தபடியே இருந்தேன். பிறகு பிடிபட்டது. நீதான் அது. சின்ன வயதில் உன் பொம்மையை உடைத்துவிட்டு நான் ஒளிந்துகொண்டால், பேசாமல் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாயே, அந்த முகம். அதற்குப் பிறகு என்னால் படத்தைத் திட்ட முடியவில்லை.

முதலாளி கடைசி நாள் பதில் கேட்க வந்தார். சுவரைப் பார்த்தார். "இது யாருங்க?" என்றார். "நான்தான், செத்தப்புறம் எழுதினது" என்றேன். சிரிக்கவில்லை மனிதர். கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார். "இப்படி ஒரு முகத்த வச்சுக்கிட்டா இத்தன வருஷம் கண்ண உருட்டிட்டு இருந்தீங்க?" என்றார். குடை வேஷத்தை எடுத்துவிட்டு ஒரு அப்பா வேஷம் கொடுத்திருக்கிறார். மகன் வீட்டை விட்டுப் போகிறான், அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து அவனைப் பார்க்க வேண்டும். கத்தி இல்லை, ஓட்டம் இல்லை, எழுந்திருக்கவே வேண்டாம். என் காலுக்கு என்றே எழுதிய மாதிரி இருக்கிறது. கண்ணை உருட்டக் கற்றுக்கொண்டு கிழவனானவனை இப்போது சும்மா உட்காரச் சொல்கிறார்கள்! சும்மா உட்காருவதுதான் கஷ்டம் என்று ஒத்திகையில் தெரிகிறது. நீ வாசலைப் பார்ப்பாயே, அதை நினைத்துக்கொள்கிறேன்.

இனி ஒரு வேலை. வைத்தியர் ஒகானேவிடம் சொன்னது எனக்கும் தெரியும், சுவர் மெல்லிசு. ஜின்பெய் அந்தப் பலகையை இழைத்து வேறு படத்துக்கு எடுத்துவிடாமல் வாங்கி வை. நாளைக்கு நிஜமாகவே அந்த நாள் வரும்போது புதுப் படம் எழுத வேண்டாம். பழைய தேதியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் புதுக் கட்டை வைத்து, சரியான தேதியைச் செதுக்கிவிடச் சொல். ஆள் மாறினால் தலை மாற்றுகிறவருக்குத் தேதி மாற்றுவது பெரிய வேலையா? கவிதையையும் தூக்கிவிடு. முகத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். மாப்பிள்ளை நன்றாகச் செதுக்கியிருக்கிறார் என்று நான் சொன்னதாகச் சொல்.

கின்டா

*

எடோ
பதினோராம் மாதம், பன்னிரண்டாம் நாள்

அன்பு அண்ணாவுக்கு,

இங்கே குளிர் ஏறிவிட்டது. நாங்கள் நலம். நீ இப்போது மேடையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாய். கால்மேல் கனமாகப் போர்த்திக்கொள். கடற்பாசித் தாளும் கறுப்பு சோயா சாறும் அனுப்பியிருக்கிறேன். சூப்பில் நீயே ஊற்றிக்கொள், அக்காவுக்குத் தெரியாமல்.

பலகையைக் கேட்டதும் ஜின்பெய் விட்டது சனியன் என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். உன் கடிதத்தை உன் மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். நன்றாகச் செதுக்கியிருக்கிறார் என்ற இடம் வந்ததும், "இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். எழுந்து போய்ப் பலகையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு உளியைத் தீட்ட ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பண்றீங்க? அவர் இன்னும் இருக்கார்!"

"அதான் எடுக்கறேன்."

தேதியை வெட்டி எடுத்தார். மரணப் பெயரை எடுத்தார். கோயில் பெயரை எடுத்தார். உன் பனித்துளிக் கவிதையையும் எடுத்தார். அப்புறம் உளியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"ஓட்டைக்கு?" என்று கேட்டேன். "கட்டை அளவெடுத்து வச்சுக்கலாமில்ல?"

"ஒரு தடவ அவர் தலைய எடுத்துட்டு அங்க வேற தலைய வச்சேன். அஞ்சு வருஷமா எனக்குத் தொண்டையில சோறு இறங்கல. இதுல நான் எதையும் வைக்க மாட்டேன். வேணும்னா வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பிறகு இரண்டு தாள் அச்சடித்தார். ஒன்று உனக்கு, இதோடு இருக்கிறது. உன் பெயர் இருக்கிறது, உன் முகம் இருக்கிறது. எழுத்து இருந்த மற்ற இடமெல்லாம் வெள்ளைத் தாள். தேதி எதுவும் இல்லை.

இன்னொன்றை எங்கள் வாசல் அறையில் மாட்டினேன். இன்று காலையில் டோஃபுக்காரி வந்தாள். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது அவளுக்கு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"ஏம்மா, என்கிட்ட இருக்கிறதுல தேதி இருக்கே. இதுல எங்க?"

"இன்னும் வரல."

"வரலைன்னா?"

"ஓசாகாவுல அப்பா வேஷம் கட்டிட்டு இருக்கார்" என்றேன். ஜின்பெய்க்குக் கொடுத்த வாக்கு போகட்டும், எனக்கு இனிமேல் முடியாது அண்ணா.

அவள் டோஃபு வாளியைத் தொப்பென்று கீழே வைத்தாள். அவள் முகம் எப்படிச் சிவந்தது தெரியுமா? "அடப் பாவி! ரெண்டு படம் வாங்கி, ஊதுவத்தி ஏத்தி, எங்க வீட்டுக்காரர் செத்தப்பகூட அழாத அழுகைய அழுதேனே! நாசமாப் போறவன்! குழந்தையக் கிணத்துல தள்ளினது போதாதுன்னு என்னையும் ஏமாத்திட்டானா? வரட்டும் அவன் எடோவுக்கு, வரட்டும்! தோலை இல்ல, முழு ஆரஞ்சையே எறியறேன்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி, அடித்தொண்டையில், கண்ணைத் துடைத்துக்கொண்டே உன்னைத் திட்டினாள்.

உள்ளே அவர் உளியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன் அண்ணா, உனக்கு எழுத வேண்டுமே என்று. இன்றைக்கு நீ நன்றாகத் தூங்கு.

தங்கை ஒரிகு